குறுக்கி எழுதுதல் சோம்பலா?

இக்காலத்து இளைஞர் எழுதும் குறிப்புகளையும் கைத்தொலைபேசிச் செய்திகளையும் கண்டு மனம் நொந்துகொள்ளும் முதியோர் பலர். முழுச் சொல்லையும் எழுதக் கை வலிக்கின்றதோ, நாலெழுத்துச் சொல்லை ஓரெழுத்தாக வெட்டிவிடுகின்றார்களே, இது சோம்பல் அன்றி வேறு யாது என்று அவர்கள் கேட்கின்றனர். பாடசாலை ஆசிரியர் அறைகளிலே இவ்வழக்கு அடிக்கடி எழுவதுண்டு. தீர்ப்புக் கூறுமுன் சாட்சிகளை விசாரித்தல் முறை. இவ்வழக்கின் சாட்சிகளோ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையன.

தமிழிலக்கணம் இதற்கென இரண்டு தொடர்களை முன்னரே வகுத்து வைத்திருக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும் வேண்டிய அழகுகள் பத்தையும் எண்ணிச் சொன்னார். குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல். சொல்லைக் குறைப்பது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆயினும் ஒன்று குற்றவரிசையின் தலையிலும் மற்றொன்று அழகுவரிசையின் தலையிலும் நிற்கின்றன. சுருங்கச் சொல்லலுக்கு அடுத்தபடியாக முனிவர் வைத்த அழகு விளங்க வைத்தல். அவ்வரிசை முறையிலேயே ஒரு கருத்து இருப்பதாக எனக்குத் தோன்றும்.

இனி, மேனாட்டுச் சாட்சிகளை முதலில் அழைப்போம். கி.மு. 63ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆம் நாள் உரோமாபுரியின் ஆட்சிமன்றத்திலே, கற்றிலீனனின் சதியிற் சேர்ந்தோரை யாது செய்வது என்பது பற்றிப் பெரும் விவாதம் நிகழ்ந்தது. அன்று கேற்றோ ஆற்றிய உரையைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுமாறு, சுருக்கக் குறிகளிலே பயிற்சி பெற்ற எழுத்தர்களைச் சிசரோ மன்றத்தின் பல இடங்களிலும் அமர்த்தியிருந்தார் என்று புளூட்டாக் எழுதியுள்ளார். இக்குறிகளைச் சிசரோவிடம் அடிமையாயிருந்து பின் விடுதலை பெற்ற தைரோ என்பவரின் பெயரால் வழங்குவர். நாவின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. அதனாற் சொற்கள் குறிகளாயின. நாளெல்லாம் நின்று எழுதிய அவ்வெழுத்தரைச் சோம்பேறிகள் என்று எவரும் சொல்லார்.

பின்வந்த நூற்றாண்டுகளில் கன்றினதும் ஆட்டினதும் தோலைப் பதப்படுத்தி அதன்மீது நூல்களைப் படியெடுத்த துறவிகளுக்கு வேறொரு நெருக்கடி. ஒரு பெரிய நூலுக்கு ஒரு மந்தையின் தோலே வேண்டியிருந்தது. எனவே அடிக்கடி வரும் இலத்தீன் சொற்களின் நடுவெழுத்துகளை விட்டு, மேலே ஒரு கோடிட்டு நிறுத்தினர். 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே ஏடு முழுவதும் இத்தகைய குறுக்கங்களால் ஆனது. 1783ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்புக்காக அதனை அச்சிட முற்பட்டபோது, அக்குறுக்கக் குறிகளுக்கென்றே புதிய அச்செழுத்துகளை வார்க்க வேண்டியதாயிற்று. எழுதியவனுக்கு மிச்சமான உழைப்பு எழுநூறு ஆண்டுகளின் பின் அச்சுக்கோப்பவனின் தலையில் விழுந்தது. இந்தச் செய்தியைச் சற்று மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

குறுக்கத்தைக் குற்றமாக்கித் தண்டனையும் விதித்த அரசர் ஒருவர் உண்டு. கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்து ஆண்ட யஸ்ரீனியன் பேரரசர், உரோமச் சட்ட அறிஞரின் எழுத்துகளைத் தொகுப்பித்து 533ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அத்தொகுப்பைப் படியெடுப்போர் எவரும் சொற்களை ஒற்றையெழுத்துகளாகக் குறுக்கி எழுதலாகாது என்றும், நூலின் தலைப்பும் எண்ணும்கூட எழுத்தாலே விரித்தெழுதப்பட வேண்டும் என்றும் அவர் ஆணையிட்டார். மீறியவர் பொய்யாவணம் புனைந்தவராகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படுவர். ஏன் இத்தனை கடுமை? முந்திய சட்ட நூல்களிலே இருந்த குறுக்கங்களை ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறொருவாறும் விரித்துப் படித்ததனால், சட்டத்தோடு சட்டம் முரண்பட்டது. ஒருவனுடைய நிலமும் உயிரும் ஓர் எழுத்தின் விரிவிலே தொங்கலாமா என்பதே அரசரின் கவலை. அவர் சோம்பலைத் தண்டிக்கவில்லை, மயக்கத்தைத் தண்டித்தார். மயங்க வைத்தல் என்பதும் பவணந்தியாரின் பத்துக் குற்றங்களுள் ஒன்றே.

இங்கிலாந்திலும் இவ்வாறு ஒரு முயற்சி நடந்தது. நீதிமன்ற நடவடிக்கைகள் இனி இலத்தீனில் அன்றி ஆங்கிலத்திலே, யாவரும் படிக்கத்தக்க எழுத்திலே, சொற்களைக் குறுக்காது எழுதப்பட வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றினர்; அது 1733ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. வந்த அவ்வாண்டிலேயே மற்றொரு சட்டம் இயற்றி, ஆங்கிலத்திற் பொதுவாக வழங்கும் குறுக்கங்களை மட்டும் ஏற்றுக்கொண்டனர். எல்லாரும் அறிந்த குறுக்கம் இருக்கலாம், சிலர் மாத்திரம் அறிந்தது ஆகாது என்பது அவர்கள் கண்ட நடுவழி.

நம் மொழியின் சாட்சிகளுக்கு வருவோம்.

பேச்சிலே சொல் குறுகுவதை நம் இலக்கண ஆசிரியர் குற்றம் என்று தள்ளவில்லை. தஞ்சாவூர் தஞ்சை ஆயிற்று. கோயம்புத்தூர் கோவை ஆயிற்று. அருமருந்தன்ன பிள்ளை அருமந்த பிள்ளை ஆனான். இவற்றை மரூஉ என்று பெயரிட்டு, இயல்பு வழக்கு என்னும் நல்ல இருக்கையிலே நன்னூலார் அமர்த்தினார். நம் நாட்டிலும் திருக்கோணமலை திருமலை ஆகியது. யாழ்ப்பாணம் யாழ் என ஓரெழுத்தும் ஓரொற்றுமாய் நிற்கின்றது. செய்யுளிலோ இன்னும் தாராளம். தாமரை முதலெழுத்து இழந்து மரை என நிற்கலாம். ஓந்தி இடையெழுத்து இழந்து ஓதி ஆகலாம். நீலம் கடையிழந்து நீல் ஆகலாம். முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்று அவற்றுக்குப் பெயரும் உண்டு. புலவன் செய்தால் விகாரம், மாணாக்கன் செய்தாற் சோம்பல் என்று கூறுவது நடுநிலை ஆகுமா என்று ஒரு குறும்புக்கார மாணவி என்னிடம் கேட்டதுண்டு. புலவனுக்கு யாப்பு என்னும் நெருக்கடி உண்டு என விடை கூறினேன். தொலைபேசிக்கும் ஒரு யாப்பு உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

எழுத்திலே குறுக்குவதில் நம்மவர் எவர்க்கும் பின்வாங்கியவர் அல்லர். பழைய கணக்கேடுகளையும் உறுதிகளையும் பார்த்தோர், நாளுக்கு ௳ என்றும், மாதத்துக்கு ௴ என்றும், வருடத்துக்கு ௵ என்றும், பற்றுக்கு ௶ என்றும், வரவுக்கு ௷ என்றும், ரூபாய்க்கு ௹ என்றும் குறிகள் இருக்கக் கண்டிருப்பர். மேற்படி என்பதற்கு ௸. இக்குறி ஷகரத்தை ஒத்திருந்தமையால், அச்செழுத்து இல்லாதவிடத்து அதனை ஷை என்றே எழுதினர். எழுதியதை அவ்வாறே வாயாலும் படித்தனர். ஷை காணி, ஷை கிணறு என்று முதியோர் உறுதி படிக்கக் கேட்டவர்கள் இன்னும் இருக்கின்றனர். மேற்படி என்னும் சொல்லை அறியாமலே ஷை என்பதை ஒரு சொல்லாகக் கொண்டவரும் அவருள் இருந்தனர்.

உரையாசிரியர் நூல்களைப் பதிப்பித்தோர் கையாண்ட முறை வேறொன்று. அஃது எனக்கு மிகவும் உவப்பானது. என்றவாறு என்பதை எ-று என்று குறித்தனர். முதலெழுத்தையும் ஈற்றெழுத்தையும் நிறுத்தி, இடையே ஒரு சிறு கோடிட்டனர். உதாரணம் உ-ம் ஆனதும் எடுத்துக்காட்டு எ-டு ஆனதும் இம்முறையிலேயே. ஆங்கிலத்தார் போல ஒவ்வொரு சொல்லின் தலையெழுத்தையும் புள்ளியிட்டு அடுக்குவது பிற்காலத்தது. தலையும் காலும் தெரிந்தால் இடையை ஊகித்தல் எளிது. தலை மட்டும் தெரிந்தால் ஊகம் நூறு வழியில் ஓடும். பழைய முறையைக் கைவிட்டதிலே நமக்கு இழப்பு உண்டு என்பது என் துணிபு.

ஆயின் தமிழில் நேர்ந்த மிகப் பெரிய குறுக்கம், குறுக்கம் என்றே நாம் எண்ணாத ஒன்று. அது புள்ளியை விட்டமை. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் கூறுகின்றது. ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் இடுவதில்லை. ஆணி அழுந்தினால் ஓலை துளைபடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஓலையைக் காப்பாற்றினர், படிப்பவனைக் கைவிட்டனர். எரி என்பதும் ஏரி என்பதும் ஒரே உருவாயின. கொல் என்பதும் கோல் என்பதும் ஒரே உருவாயின. ஆகாரத்தின் காலும் ரகரமும் ஒன்றாகவே எழுதப்பட்டமையால் குழப்பம் இன்னும் பெருகிற்று. குறிலும் நெடிலும் விளங்க ஏகார ஓகாரங்களுக்கு வேறுருவம் வகுத்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் என்று வழங்கும் பெஸ்கிப் பாதிரியார். அவர் வாழ்ந்த காலம் 1680 முதல் 1747 வரை.

இதன் விலையைச் செலுத்தியவர் யார்? யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்து, தமிழ்நாட்டிலே உயர் பதவிகள் வகித்து, ஓய்வு வேளையையெல்லாம் ஏடுகளுக்கே கொடுத்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செலுத்தினார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அவர் அச்சிட்டார். எடுத்தால் ஓரம் முறியும், கட்டை அவிழ்த்தால் இதழ் உதிரும் நிலையில் இருந்த ஓலைகளிலே, புள்ளியில்லா எழுத்தின் ஒவ்வொரு வரியையும் பலவாறு கூட்டிப் பார்த்து, பொருளும் யாப்பும் ஒத்துவரும் வாசிப்பைத் தேர வேண்டியிருந்தது. அதே 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் அவர்களும் இத்துன்பத்தையே அனுபவித்தார். எழுதிய கைகள் மிச்சம் பிடித்த ஒரு புள்ளி, படித்த கண்களுக்கு இரவும் பகலுமான உழைப்பாயிற்று. ஓலைக்கு அஞ்சிய ஏட்டெழுத்தாளரைச் சோம்பலர் எனல் நியாயம் அன்று. ஆயினும் கடன் கடனே. அதனைத் தீர்க்க இருவர் தம் கண்ணொளியைக் கொடுத்தனர்.

இதற்கு நேர்மாறான வழியிற் சென்றவர் ஆறுமுக நாவலர் அவர்கள். வண்ணார்பண்ணையிலே 1849இல் அச்சுக்கூடம் நிறுவிய அவர், வசனத்திலே நிறுத்தக் குறிகளைப் பரப்பினார். தாளும் மையும் அச்சும் கூடுதலாகச் செலவாகும் என்று அவர் பார்க்கவில்லை. பாலபாடம் படிக்கும் பிள்ளை எங்கே மூச்சு விடுவது என்பதைப் பார்த்தார்.

மேலே இரண்டு பதிப்பாசிரியர் பெயரையும் முதலெழுத்துகளோடு சொன்னேன். சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் என்பது சி. வை. ஆயிற்று, உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் என்பது உ. வே. ஆயிற்று. ஊரும் தந்தையும் இரண்டு எழுத்துள் அடங்கினர். இவ்வெழுத்துகள் வெறும் அலங்காரம் அல்ல. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்களையும் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காலத்தில் வாழ்ந்த இருபெரும் அறிஞர். முன்னே நிற்கும் ஓரெழுத்தை ஒரு நூல்நிலையத்தார் விட்டுவிட்டால், ஒருவர் எழுதியது மற்றவர் கணக்கிலே சேர்ந்துவிடும். குறுக்கம் ஈண்டு மயக்கத்தை உண்டாக்காது, மயக்கத்தைத் தீர்க்கின்றது.

குறுக்குவோரைச் சோம்பேறிகள் எனவும் பண்பற்றோர் எனவும் வைத குரலும் புதியது அன்று. ஜொனதன் சுவிவ்ற் 1710ஆம் ஆண்டில் தற்லர் என்னும் ஏட்டிலே, ஆங்கிலச் சொற்களின் வாலை வெட்டும் நாகரிகத்தைக் கடுமையாகச் சாடினார். அவர் வெறுத்த சொற்களுள் ஒன்று மொப். நிலையற்ற கும்பல் என்று பொருள்படும் இலத்தீன் தொடர் ஒன்றின் தலைமட்டும் எஞ்சிய சொல் அது. அதனைத் தடுத்து நிறுத்தத் தாம் பாடுபட்டதாகவும் பயன் இல்லை என்றும் அவர் வருந்தினார். இன்று அது நல்ல ஆங்கிலச் சொல். பரீட்சைத்தாளில் எழுதினால் எவரும் புள்ளி குறையார். சுவையான செய்தி வேறொன்று உண்டு. அதே 1710 முதல் 1713 வரை அயர்லாந்திலிருந்த தம் அன்புக்குரியோர்க்குச் சுவிவ்ற் எழுதிய கடிதங்கள் குறுக்கெழுத்துகளும் செல்ல மொழிகளும் நிறைந்தவை. அவர்களை எம்.டி. என்னும் இரண்டெழுத்தாலேயே அழைத்தார். ஊருக்கு எழுதியபோது ஒன்று, உறவுக்கு எழுதியபோது மற்றொன்று. இதனை முரண்பாடு என்று நகைப்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. யாருக்கு எழுதுகின்றோம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்றே கொள்கின்றேன்.

வெட்டுண்ட சொல்லுக்கு மிகவும் வேடிக்கையான எடுத்துக்காட்டு நாம் நாளும் ஏறி இறங்கும் பஸ். ஓம்னிபஸ் என்றால் இலத்தீனில் எல்லார்க்கும் என்று பொருள். அதிலே எல்லார் என்னும் பகுதி போய்விட்டது. வேற்றுமை ஈறு ஒன்றுதான் மிஞ்சியது. தமிழிலே கு வந்துவிட்டது, கு போய்விட்டது என்று நாம் சொல்வதற்கு ஒப்பானது இது. நான்காம் வேற்றுமை கற்பிக்கும்போது இதனைச் சொன்னால், உறங்கும் மாணாக்கனும் விழித்துக்கொள்வான்.

அந்த பஸ்ஸின் பக்கத்திலே இ.போ.ச. என்று எழுதியிருக்கக் காண்கின்றோம். 1958ஆம் ஆண்டு தனியார் கம்பனிகளின் பேருந்துகளை அரசு பொறுப்பேற்றபோது தோன்றிய இலங்கைப் போக்குவரத்துச் சபையின் குறுக்கம் அது. சிங்களத்திலே அச்சபையின் பெயர்க் குறுக்கம் லங்கம என ஒரு முழுச் சொல்லாகவே ஊர்மக்கள் நாவில் உருண்டது. தமிழிலும் ஓரெழுத்து ஓரசையாய் ஒலிப்பதால், ஆங்கில எழுத்துகளைப் போல ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் சொல்லி இடர்ப்பட வேண்டியதில்லை. குறுக்கத்துக்கு நம் எழுத்துமுறை இயல்பாகவே இடங்கொடுப்பது.

அதனாலேதான் போலும், நம் நாட்டுப் பாடசாலைப் பெயர்ப்பலகைகள் குறுக்கங்களின் காட்சிச்சாலைகளாய் விளங்குகின்றன. யா/ என்றால் யாழ்ப்பாண மாவட்டம். மட்/ என்றால் மட்டக்களப்பு. அ.த.க. பாடசாலை என்றால் அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை, ரோ.க.த.க. என்றால் ரோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை. ம.ம.வி. என்றால் மத்திய மகா வித்தியாலயம். க.பொ.த. எழுதும் மாணாக்கரை அழைத்து, இவ்வெழுத்துகளை விரித்துச் சொல்லுங்கள் என்று நான் ஆண்டுதோறும் கேட்பது வழக்கம். கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் என்று தடையின்றிச் சொல்வோர் ஒரு வகுப்பிலே நாலைந்து பேர். மற்றையோர் சிரிப்பர். அந்தப் பரீட்சைக்கு அஞ்சி உறக்கம் இழப்பர். அதன் பெயரை அறியார். அதனால் அவர்களுக்குக் கேடொன்றும் இல்லை. க.பொ.த. என்பதே இப்போது அப்பரீட்சையின் பெயர்.

கேடு வேறிடத்தில் இருக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி, தமக்கு வந்த அலுவலகக் கடிதம் ஒன்றைப் படித்துக் காட்டும்படி எங்கள் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு எழுத்தறிவு இல்லை என்று எண்ணற்க. கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லக் கேட்டு வளர்ந்தவர், நாளிதழ் படிப்பவர். கடிதத்திலே தே.அ.அ. இல. தருக என்றும், பி.செ. வாயிலாக அனுப்புக என்றும், மு.ப. 9க்கு வருக என்றும் இருந்தது. முற்பகல் மட்டும் அவருக்கு விளங்கிற்று. தேசிய அடையாள அட்டை இலக்கம், பிரதேச செயலாளர் என்னும் சொற்கள் அவருக்குத் தெரியாதனவும் அல்ல. முழுதாக எழுதியிருந்தால் தாமே படித்து விளங்கியிருப்பார். கேட்கப்பட்ட நாள் அதற்குள் கடந்து மூன்று நாளாயிற்று. அவர் மற்றுமொரு முறை விண்ணப்பித்து, மற்றும் சில மாதங்கள் காத்திருந்தே தம் உதவிப்பணத்தைப் பெற்றார். கடிதம் எழுதியவருக்கு அதனால் மிச்சமானது அரை நிமிடம் இருக்கலாம். ஒரே அறையில் இருந்து ஒரே தொழில் செய்வோர் தமக்குள் வழங்கும் குறுக்கம், மதிலைத் தாண்டி ஊருக்குள் வந்தால் குன்றக் கூறல் ஆகிவிடும். சோம்பல் என்னும் சொல்லை நான் எங்கேனும் வழங்குவதாயின் அங்கேதான் வழங்குவேன்.

இளைஞரின் தொலைபேசிக்கு வருவோம். குறுஞ்செய்தி முறையை வகுத்த ஐரோப்பியப் பொறியியலார் ஒரு செய்திக்கு 160 எழுத்து என்று எல்லை கட்டினர். அந்த எல்லையும் உரோமானிய எழுத்துக்கே. தமிழ்போன்ற எழுத்துகளுக்கு இடம் கூடுதலாக வேண்டியிருப்பதால் 70 மட்டுமே கிடைத்தது. அதிலும் கொ என்பது நமக்கு ஓரெழுத்து. கருவிக்கு ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. எழுபதுக்கு மேற்பட்டால் இரண்டு செய்தியின் கட்டணம். வெண்பாவுக்கு உள்ள கட்டுப்பாட்டினும் இது கடுமையானது. பிள்ளைகள் சொல்லை வெட்டாமல் என் செய்வர்? சொல்லெண்ணிக் காசு வாங்கிய தந்தி, நம் பெற்றோர்க்கு இதையே கற்பித்தது. கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858இல் ஓடத்தொடங்கிய அக்கம்பியின் சிக்கன நடையை எவரும் சோம்பல் என்று பழிக்கவில்லை; இந்தியாவில் 2013இல் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது பலர் அதற்காக வருந்தவும் செய்தனர்.

இப்போது அந்த எல்லை பெரும்பாலும் நீங்கிவிட்டது. எத்தனை எழுத்தும் அனுப்பலாம். குறுக்கமோ நீங்கவில்லை. தோழர் இருவர் தமக்குள் எழுதிக்கொள்ளும் குறுக்கம், சுவிவ்ற் அயர்லாந்துக்கு எழுதிய எம்.டி. போன்றதே. அதை நான் திருத்தப் போவதில்லை. அந்த மாணாக்கனே பாட்டனுக்குக் கடிதம் எழுதும்போதும், வரலாற்று வினாவுக்கு விடை எழுதும்போதும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் என்ன செய்கின்றான் என்று மட்டும் பார்ப்பேன். எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பாருக்கு ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு: அதே செய்தியை நண்பனுக்கு ஒருமுறையும், படிப்பறிவு குறைந்த பாட்டிக்கு ஒருமுறையும் எழுத வேண்டும். இரண்டாவதே கடினம் என்று எல்லாரும் முறையிடுகின்றனர்.

பழைய ௳, ௴, ௵, ௸ முதலிய குறிகளுக்கு 2003ஆம் ஆண்டில் யூனிக்கோடு என்னும் கணினி எழுத்துத் தரத்திலே இடம் அளிக்கப்பட்டது. இன்று உலகின் எந்தக் கணினியிலும் அவற்றை எழுதலாம். அண்மையில் எங்கள் வகுப்பறைக் கரும்பலகையில் அவற்றை எழுதி, இவை யாவை என்று கேட்டேன். நாற்பது மாணாக்கருள் ஒருத்தி மட்டும் ௸ என்பதை அறிந்து சொன்னாள். அவளுடைய வீட்டுக் காணி உறுதியை அவள் படித்திருந்தாள்.